பாத்திரமறிந்து கழுவு

எங்கள் ஊருக்குப் பெயர் வைத்தவர், என் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் சிங்க்கை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். மலாயில் லூமுட் என்றால் பாசி. பங்கோர்த் தீவுக்குப் படகு ஏற வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கடற்படைக் கப்பல்களைப் பார்ப்பார்கள், காய்ந்த நெத்திலி இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு, "அமைதியான ஊர்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரவு ஒன்பதரைக்கு எங்கள் சமையற்கட்டுக்குள் வந்து அந்த அமைதியைக் கேட்டவர் எவரும் இல்லை. மதியம் வைத்த மீன்குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, சம்பல் கிண்ணம், ஆறேழு தட்டு, எண்ணி மாளாத கரண்டி என்று எல்லாம் தண்ணீரில் கிடக்கும். "ஊறப் போட்டிருக்கேன்" என்பேன் நான். "ரெண்டு நாள் ஊறினா ஊர்ப் பேரு வந்துடும்" என்பாள் என் மனைவி.

பாத்திரம் கழுவுவது பணி ஓய்வுக்குப் பிறகு என் இலாகாவானது. முப்பத்தொரு வருடம் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிராணியாக இருந்தேன். திருகாணி முதல் நங்கூரச் சங்கிலி வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறது. நான் வீட்டோடு தங்கிய முதல் திங்கட்கிழமை, பசியாறி முடித்துக் கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சும்மாதானே இருக்கீங்க." அது கேள்வியா, பணி நியமனக் கடிதமா என்று நான் யோசிப்பதற்குள் காடி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். வயது எண்பத்தொன்று. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகிவிட்டது. லயம் இருந்த இடம் தெரியவில்லை. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் தட்டில் ஒட்டியிருக்கும் ஒரு சோற்றுப் பருக்கையை நடுக்கூடத்தில் இருந்தபடி பார்த்துவிடுவார்.

போன தீபாவளித் திறந்த இல்ல விருந்தோடுதான் வினை வந்தது. பக்கத்து வீட்டுக் கடற்படைக் குடும்பம் வந்தது. சித்தியவானிலிருந்து என் பழைய சகா வந்தார். 1903இல் சீனத்து ஃபூச்சோவிலிருந்து அங்கே வந்து குடியேறினார்களே, அவர்கள் வழி வந்தவர்; கை நிறைய கொம்பியாங் ரொட்டி கொண்டுவந்தார். பள்ளிக்கூட ஆசிரியர்கள், மகளின் சிநேகிதிகள் எல்லாம் சேர்த்து அறுபது பேருக்குக் குறையாது. காகிதத் தட்டு வாங்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காகிதத்துலயா சோறு போடறது?" என்று மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு பதினொன்றரைக்குச் சிங்க்கில் ஒரு மலை, தரையில் இரண்டு மலை, நடுவில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நான். அந்தக் கோலத்தை என் மகள் படம் பிடித்தாள். கோலாலம்பூருக்குத் திரும்பியவுடன் இரக்கப்பட்டு, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டாள். விலை 2,300 வெள்ளி.

மெஷின் வந்து இறங்கியது. வெள்ளை நிறம், இடுப்பு உயரம். அத்தை அதைச் சுற்றி வந்து கதவைத் திறந்து பார்த்து, "இதுக்குள்ள யார் உக்காந்து கழுவுவா மாப்பிள்ளை?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பின்னால் பலமுறை அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டேன்.

கையேடு ஒன்று கூடவே இருந்தது. எட்டு மொழி, தமிழ் இல்லை. என்னைப்போல முப்பத்தொரு வருடம் பெட்டி பிரித்தவனுக்குக் கையேடு எதற்கு? அதை டிராயரில் போட்டுவிட்டு, சிங்க் ஓரத்தில் இருந்த பாத்திரச் சவுக்காரத் திரவத்தை எடுத்து, மெஷின் கதவில் இருந்த சின்னக் குழியில் தாராளமாக ஊற்றினேன். குழி சிறியதாக இருக்கிறதே என்று உள்ளேயும் கொஞ்சம் தெளித்தேன். பொத்தானை அழுத்தினேன். ஐந்து நிமிடம் இனிய ஓசை. பத்தாவது நிமிடம் கதவின் அடியில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பதினைந்தாவது நிமிடம் அது நடக்க ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, பொங்கிருச்சு!" என்றார் அத்தை, தைப்பொங்கலின் குரலில்.

நுரை சமையற்கட்டைத் தாண்டிக் கூடத்துப் பக்கம் போனது. நான் துணி போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வளர்ந்தது. அத்தைதான் உப்பு டப்பாவைத் தூக்கிவந்து இரண்டு கை அள்ளி வீசினார். நுரை அடங்கியது. எப்படித் தெரியும் என்று கேட்டால், அவருக்கும் தெரியவில்லை, கோபத்தில் வீசினாராம். ஆனால் உப்பு நுரையை உடைக்கும் என்பது உண்மைதான். கையால் கழுவும் சவுக்காரம் நுரைப்பதற்கென்றே செய்தது. மெஷின் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது. அந்த அடியில் நுரைக்கிற சரக்கைப் போட்டால் வீடு ஐஸ்கிரீம் கடை ஆகிவிடும். மெஷினுக்கென்று விற்கும் தூளோ வில்லையோ நுரைக்காத சாதி. இது கையேட்டின் நான்காம் பக்கத்தில், ஆச்சரியக்குறி போட்ட முக்கோணத்துக்குப் பக்கத்தில் இருந்ததாகப் பின்னால் மகள் சொன்னாள்.

இது வெறும் ஈர விபத்து. அடுத்து நடந்தது படுகொலை.

சரியான வில்லை வந்ததும், ஒரு வியாழக்கிழமை இரவு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, கண்ணில் பட்ட சாமான் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். ஸ்டோர் கிராணியின் கை அல்லவா, ஒரு அங்குல இடம்கூட வீணாகவில்லை. இட்லித் தட்டு, தோசைக்கல், சிரட்டை அகப்பை, கண்ணாடிக் கோப்பைகள், மகளுக்குப் பெயர் சூட்டியபோது வந்த வெள்ளி டம்ளர், எனக்குப் பணி ஓய்வில் கொடுத்த பியூட்டர் கோப்பை, பிளாஸ்டிக் டப்பாக்கள், குக்கர் மூடி. அழுக்குக்கு ஏற்ற வெப்பம் வேண்டும் என்று எழுபது டிகிரியில் வைத்தேன். காலையில் மனைவி எழுந்து வந்து, எல்லாம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, முப்பது வருடத் திருமண வாழ்வில் முதன்முறையாக... என்று கற்பனை செய்துகொண்டே படுத்தேன்.

விடிந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளி டம்ளர் கறுத்திருந்தது.

இதில் ஒரு கிரக நிலை இருக்கிறது. நாங்கள் வாழும் மாநிலம் பேராக்; மலாயில் பேராக் என்றாலே வெள்ளி. நாங்கள் செலவழிக்கும் காசுக்கும் வெள்ளி என்றுதான் பெயர். ஆக, வெள்ளி மாநிலத்தில், 2,300 வெள்ளி மெஷினில், ஒரு வெள்ளிக்கிழமையன்று, வெள்ளி டம்ளரை எவர்சில்வர் தட்டோடு உரசவைத்துக் கறுக்கடித்த ஒரே தமிழன் நான்தான்.

வெட்கம் அதோடு நிற்கவில்லை. கப்பலின் உடல் இரும்பு, சுழலி வெண்கலம். இரண்டும் உப்புத் தண்ணீரில் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் மின்னோட்டம் கிளம்பி இரும்பு அரித்துப்போகும். அதற்காகக் கப்பலின் வயிற்றில் துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைப்பார்கள். அரிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், கப்பல் பிழைக்கும். அந்தத் துத்தநாகக் கட்டிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் யார்? நான். முப்பத்தொரு வருடம். இரண்டு உலோகம் ஈரத்தில் தொடக்கூடாது என்று புது ஊழியர்களுக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான். என் வீட்டுப் பெட்டிக்குள் வெந்நீரும் சோடாவும் சேர்ந்து ஒரு குட்டிக் கடல் ஓடுகிறது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. வெள்ளியைப் போட்டே ஆகவேண்டும் என்றால் தனியாக, எவர்சில்வரில் படாமல் போட வேண்டும். போடாமலே இருப்பது அதைவிட நல்லது.

இட்லித் தட்டின் கதை இன்னும் சோகம். ஈப்போ லிட்டில் இந்தியாவில், கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது. அலுமினியம். வெளியே எடுத்தபோது பழைய கொசுவலை நிறத்தில் இருந்தது. விரலால் தடவினால் விரலில் கரி. என்ன நடந்தது என்றால், அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டு. மெஷின் தூளில் இருப்பது பெரும்பாலும் சலவைச் சோடா, அதாவது காரம். காரம் என்றால் நமக்கு மிளகாய்தான் ஞாபகம் வரும். இது அந்தக் காரம் இல்லை. இந்தக் காரம் அலுமினியத்தின் படலத்தைக் கரைத்துவிட்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் கடிக்கிறது. தட்டு கறுத்தது அழுக்கால் அல்ல, தோல் உரிந்ததால். மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றாள். பிறகு, "இட்லி வேணும்னா இனிமே கடைல வாங்கிக்கோங்க" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், சாதாரணக் குரல்தான் ஆபத்தானது.

தோசைக்கல்லைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அது அத்தையின் அம்மா காலத்து இரும்புக்கல். அதன் மேல் இருந்த கறுப்பு அழுக்கு அல்ல. அறுபது எழுபது வருடம் எண்ணெயும் சூடும் சேர்ந்து இறுகிய மேல்தோல். அதனால்தான் அதில் தோசை தானாகக் கழன்று வரும். ஒரே இரவில் அந்தத் தோலை உரித்துவிட்டேன். காலையில் கல் முழுக்கத் துரு, தோட்டத்துச் செம்மண் சாலை மாதிரி. அத்தை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். மத்தியானம் எழுந்து வந்து, மணலைப் போட்டுத் தேய்த்து, கழுவி, அடுப்பில் காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தோய்த்துத் தடவு தடவு என்று தடவினார். முதல் ஆறு தோசை ஒட்டியது. ஆறையும் எனக்கே போட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிரட்டை அகப்பையின் மரக்காம்பு தண்ணீர் குடித்து, உலர்ந்து, நெடுக விரிந்தது. மரம், மூங்கில், மண்சட்டி மூன்றும் குடிக்கிற சாதி. மண்சட்டியாவது சோப்பையும் சேர்த்துக் குடித்து அடுத்த மீன்குழம்பில் திருப்பிக் கொடுக்கும். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்ற மறந்திருந்தேன்; அது தளர்ந்துபோனது. மூடியின் ஆவித் துவாரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டிருந்ததை அத்தைதான் கண்டுபிடித்தார், தெய்வாதீனம். கூர்க்கத்தி மழுங்கியது.

லங்காவிக் கோப்பைகளுக்கு மட்டும் தனிப் பத்தி தரவேண்டும். லங்காவி 1987இல் வரியில்லாத் தீவானது. அன்றிலிருந்து மலேசியப் பெண்கள் அங்கே கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரக் கடை பார்த்துவிட்டு வருகிறார்கள். (பங்கோரும் 2020இல் வரியில்லாத் தீவாகிவிட்டது. என் வீட்டிலிருந்து படகில் போய்வரும் தூரம். நான் இதை மனைவியிடம் நினைவுபடுத்துவதில்லை.) அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது தங்கக்கரை போட்ட ஆறு கோப்பை. தங்கக்கரை என்பது சுட்ட பீங்கானின் மெருகுக்கு மேலே பூசிய மெல்லிய பூச்சு. சோடாவும் சூடும் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். என் எழுபது டிகிரி மெல்லத் தின்னவில்லை. வரியில்லாத் தீவில் வாங்கிய கோப்பை இப்போது ஒரு வரிகூட இல்லாத கோப்பை.

பியூட்டர் கோப்பையில் என் பெயரும் சேவைக் காலமும் பொறித்திருந்தார்கள். பளபளவென்று உள்ளே போனது, ஈரச் சிமெண்டு நிறத்தில் வெளியே வந்தது. பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச்சொம்பும் அதுதான். பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் உலகத்துக்கே வெள்ளீயம் வெட்டிக் கொடுத்த மண். வெள்ளிபோல் மின்னிய அந்த ஈயத்தால்தான் மாநிலத்துக்குப் பேராக் என்ற பெயரே வந்தது என்பாரும் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரியில்தான் உருகும் என்பதால் கோப்பை உருகவில்லை. மானம்தான் மங்கியது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம் என்பார்கள். எங்கள் வீட்டில் பூஜை அறைக் குத்துவிளக்கு அன்று என்னைப் பார்த்து இளித்தது. அதையும் மெஷினில் வைக்கத் தூக்கிவந்தபோதுதான், முந்தின நாள் மாலை, அத்தை வாசலில் வைத்துப் பிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு கையேட்டைப் படித்தேன். மூக்குக் கண்ணாடி போட்டு, மலாயும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி, பரீட்சைக்குப் படிப்பதுபோல. மகள் வேறு ஏதேதோ அனுப்பினாள். அதில் ஒரு அம்மையாரைத் தெரிந்துகொண்டேன்: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன். நடைமுறைக்கு உதவிய முதல் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 1886 டிசம்பர் 28ஆம் தேதி காப்புரிமை வாங்கியவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷின்கள் ஓடின. அவர் அதைச் செய்ததற்குக் காரணம் கை வலி இல்லை. வீட்டில் நிறையப் பணியாளர்கள் இருந்தார்கள். பரம்பரைப் பீங்கான் தட்டுகளை அவர்கள் கழுவும்போது ஓரம் உடைத்தார்கள். தட்டைக் காப்பாற்றத்தான் மெஷின். அவர் வீட்டுப் பணியாளர்கள் பல வருடம் பாடுபட்டுச் செய்த சேதத்தை, அவர் கண்டுபிடித்த மெஷினை வைத்துக்கொண்டே நான் ஒரே இரவில் செய்து முடித்தேன். இருந்திருந்தால் காப்புரிமையைத் திரும்பக் கொடுத்திருப்பார்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. பாத்திரம் விளக்க வந்த மெஷின் எனக்குத்தான் பலதையும் விளக்கியது. அத்தை தோட்டத்தில் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து விளக்கினார். விறகுச் சாம்பலில் இருப்பதும் காரம்தான். சோடாவின் சித்தப்பா பிள்ளை மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கை அது சவுக்காரமாக்கிக் கழற்றுகிறது. பித்தளைக்கு அவர் போட்டது புளி. புளிப்பு உலோகத்தின் களிம்பைக் கரைக்கிறது. ஆக அத்தையிடம் இரண்டு டப்பா இருந்தது. எண்ணெய்க்குச் சாம்பல், களிம்புக்குப் புளி. எந்தப் பாத்திரத்துக்கு எந்த டப்பா என்று அவர் கைக்குத் தெரியும். மெஷினுக்கு அது தெரியாது. அதற்கு எல்லாப் பாத்திரமும் ஒன்றுதான்.

இட்லித் தட்டு பிழைத்ததும் அந்த இரண்டாவது டப்பாவால்தான். ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீரில் தட்டுகளைப் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டார் அத்தை. முழுக்கப் போகவில்லை, ஆனாலும் கறுப்பு இளகி முக்கால்வாசி வெளுத்தது. கறுத்த அலுமினியத்துக்கு மேலைநாட்டார் திராட்சையிலிருந்து எடுக்கும் டார்ட்டாரிக் உப்பைப் போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். நம் புளியில் இருப்பதும் அதே டார்ட்டாரிக் அமிலம். வெள்ளி டம்ளரைத் திருத்தியது நான். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா போட்டு, கொதிநீர் ஊற்றி, டம்ளரை அந்தத் தாளில் படும்படி வைத்தேன். கறுப்பு மறைந்து வெள்ளி திரும்ப வந்தது. கப்பலின் துத்தநாகக் கட்டி செய்யும் அதே வேலையை இங்கே அலுமினியத் தாள் செய்கிறது. என் முப்பத்தொரு வருடச் சேவை வீணாகவில்லை என்று அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை.

மஞ்சள் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆரஞ்சு நிறத்தில் வெளியே வந்தன. ஒரே ஒரு டப்பாவில் கோழிப் பிரட்டல் இருந்தது; அதன் மஞ்சளை மெஷின் எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டது. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதே காரியம்தான் இங்கேயும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மெஷின் எனக்கு ஆரத்தி எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்து இலவசம்: வெயில். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. மழை ஓய்ந்த ஒரு நாள் பின்புறக் கொடிக்கம்பத்தடியில் டப்பாக்களை வரிசையாகக் காயவைத்தேன். இரண்டு நாளில் பழைய வெள்ளை.

இப்போது அடுக்குவதில் நான் கொஞ்சம் தேறிவிட்டேன். தட்டின் முகம் நடுவைப் பார்க்க வேண்டும். கிண்ணம் குப்புற, சற்றே சாய்ந்து இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடியின் பள்ளத்தில் குளம் கட்டும். கரண்டிகள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துத் தூங்கக்கூடாது. பிளாஸ்டிக் மேல்தட்டில் மட்டும், ஏனென்றால் சூடேற்றும் கம்பி கீழே இருக்கிறது. கதவை மூடுமுன் தண்ணீர் பீய்ச்சும் கையை விரலால் ஒருமுறை சுற்றிவிட வேண்டும். நான் அடுக்கிய இரண்டாம் வாரம் உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். "யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றார் அத்தை. நீளக் கரண்டியின் காம்பு கீழே தொங்கி, அந்தக் கையைச் சுற்றவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டு முழுக்கக் குளித்திருந்தது, மேல்தட்டு முழுக்கப் பட்டினி.

மனைவிக்கும் எனக்கும் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவள் பாத்திரத்தை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மெஷினில் கழுவப் போடுவாள். "அழுக்கோட எப்படிங்க உள்ள வைக்கறது?" எச்சிலைத் தட்டிவிட்டால் போதும், கழுவ வேண்டாம்; தூளில் இருக்கும் நொதிகளுக்குத் தின்ன ஏதாவது வேண்டும் என்று நான் சொன்னேன். "அதுக்கு நீங்க வேற சாப்பாடு போடணுமா?" என்றாள். எலும்பு, முள், கறிவேப்பிலை, தேங்காய்த் திப்பி இவற்றைக் கட்டாயம் தட்டிவிட வேண்டும். அடியில் ஒரு வலை இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவவேண்டும் என்பதைப் படிக்காமல் ஐந்து வாரம் விட்டேன். ஒருநாள் சமையற்கட்டில் பங்கோர் கருவாட்டுக் கொட்டகை வாசம். வலையைத் திறந்தேன். கடுகு, கறிவேப்பிலை, ஏழு நெத்திலித் தலை, ஊர்ப்பெயருக்குரிய பொருள் கொஞ்சம்.

உப்பும் ஒரு தலைவலி. மெஷினின் அடியில் உப்புக்கென்று ஒரு குழி. கடின நீரை மென்னீராக்க அது தேவை; அதற்கென்று விற்கும் கல்லுப்பைத்தான் போடவேண்டும், சமையல் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் குழாயை அடைக்கும். மலேசியக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஏற்கெனவே மென்னீர். அத்தை வந்த ஆயர் தாவாருக்கே உப்பில்லாத நல்ல தண்ணீர் என்றுதான் அர்த்தம். மென்னீர் நல்லதுதானே என்று நினைத்து வில்லையை அள்ளிப் போட்டால் கண்ணாடி டம்ளர் பனி படர்ந்ததுபோல் மங்கும். மங்கலை வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போனால் அது உப்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, இனித் திரும்பாது. எங்கள் வீட்டில் நான்கு டம்ளர் போகாத வகை.

தண்ணீர் கணக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மகள் வருத்தப்படுவாள். மெஷின் ஒரு முறைக்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு லிட்டரோடு முடித்துவிடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரத்தைப் பலரிடம் கொடுத்துக் கையால் கழுவச் சொல்லி அளந்தபோது, சராசரியாக நூறு லிட்டருக்குமேல் செலவானதாம். இதை வெற்றியோடு அத்தையிடம் சொன்னேன். "லயத்துல பதினாறு குடும்பத்துக்கு ஒரு பைப்பு. நான் ஒரு வாளிலதான் எல்லாத்தையும் வெளக்கினேன்" என்றார். அந்த ஆராய்ச்சிக்கு அத்தையைக் கூப்பிடாதது பெரிய குறை. சிக்கனத் திட்டத்தில் போட்டால் மெஷின் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. தண்ணீரைக் குறைவாகச் சூடாக்கி, நேரத்தை நீட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரம் அது. "மூணரை மணியா? அதுக்குள்ள நான் நானூறு மரம் சீவி, பாலையும் எடுத்து வந்துருவேன்" என்றார் அதற்கும்.

மெஷின் வாங்கலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் சமையலறை அலமாரியைத் திறந்து எண்ணுங்கள். எவர்சில்வர், பூவேலை இல்லாத பீங்கான், தடித்த கண்ணாடி ஒரு பக்கம். அலுமினியம், இரும்பு, மரம், மண், வெள்ளி, பித்தளை, ஈயம், தங்கக்கரை, நான்ஸ்டிக் தவா, கூர்க்கத்தி, குக்கர் மூடி இன்னொரு பக்கம். முதல் கணக்கு பெரிதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அறுபது பேர் விருந்து வைக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. இந்தத் தீபாவளிக்கு நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன். இரண்டாவது கணக்கு பெரிதாக இருந்தால், ஒருமுறை லூமுட்டுக்கு வாருங்கள். படகுத்துறையிலிருந்து காடியில் பத்து நிமிடம்தான் எங்கள் வீடு. அந்த இட்லித் தட்டைக் காட்டுகிறேன்.

எங்கள் வீட்டில் நேற்று இரவு மெஷினுக்குள் போனவை நாற்பத்திரண்டு. சிங்க்கில் எனக்காகக் கிடந்தவை பத்தொன்பது.